தெற்கே திரும்பிய ராக்கெட்

சூலூர்ப்பேட்டையில் விடியும் முன்பே டீக்கடைகள் திறந்துவிட்டன. 2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. ரயிலிலும் வேனிலும் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கல்லாவில் இருந்தவர் தெலுங்கில் கணக்குச் சொல்லி, எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "ஒன்பது மணிக்குத்தானே? ஆறு மணிக்குள்ள உள்ள போயிடுங்க, அப்புறம் படிக்கட்டுல எடம் கெடைக்காது" என்றார். ராக்கெட் ஏவும் நாள் அந்த ஊருக்குத் தேர்த் திருநாள்.

என்னோடு வந்தவர் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணன். பம்ப் உதிரிபாகம், ஜவுளி இயந்திர உதிரிபாகம் என்று ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர். முப்பது வருடமாக இரும்பைக் கடைந்த கை. ராக்கெட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இஸ்ரோவின் பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு வந்திருந்தோம்.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குப் பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே சாலை. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும். தூரத்தில் பூநாரைகள் வெளுத்த கோடாக நின்றன. கிழக்கே கடல் இருக்கிறது என்பது காற்றிலேயே தெரிந்தது. தீவின் முகப்பில் சோதனை முடித்து மாடத்துக்குள் போனால், விளையாட்டு மைதானத்தில் இருப்பதைப் போன்ற படிக்கட்டு இருக்கைகள், பெரிய திரைகள், கீழே ராக்கெட் மாதிரிகள் நிறுத்திய தோட்டம். எதிரே மரங்களின் தலைக்கு மேல் இரண்டாவது ஏவுதளத்தின் கோபுரங்கள். நடுவில் வெள்ளையாக எல்.வி.எம்.3 ராக்கெட். நாற்பத்து மூன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 640 டன் எடை. அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும்போது சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிந்தது.

அதன் உச்சியில் 36 செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. எல்லாம் சேர்ந்து 5,805 கிலோ. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செய்து, விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தவை. உரிமையாளர் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்வெப் நிறுவனம். அதன் மிகப் பெரிய பங்குதாரராக அப்போது இருந்தது நம்முடைய பார்தி குழுமம். மலை, தீவு, பாலைவனம், நடுக்கடல் என்று கம்பி இழுக்க முடியாத இடங்களுக்கு விண்ணிலிருந்து பிராட்பேண்ட் கொடுப்பதுதான் திட்டம்.

இவை ஏன் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்தன என்பதற்கு ஒரு போர் காரணம். ஒன்வெப் தன் செயற்கைக்கோள்களை அதுவரை ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டுகளில் அனுப்பி வந்தது. 2022 மார்ச்சில் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் 36 செயற்கைக்கோள்கள் ராக்கெட்டின் மேல் ஏற்றித் தயாராக நின்றன. பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது. ராணுவத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடு, பிரிட்டிஷ் அரசு ஒன்வெப்பில் இருக்கும் தன் பங்கை விற்கட்டும் என்று ரஷ்யத் தரப்பு நிபந்தனை போட்டது. ராக்கெட்டின் மேல் வரைந்திருந்த பல நாட்டுக் கொடிகளைத் தொழிலாளர்கள் வெள்ளைத் தாளால் மறைத்த காட்சியை உலகமே பார்த்தது. ஏவுதல் நின்றது. செயற்கைக்கோள்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. வேறு ராக்கெட் தேடிய ஒன்வெப், ஒரு பக்கம் ஸ்பேஸ்எக்ஸோடும், இன்னொரு பக்கம் இஸ்ரோவின் வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியாவோடும் ஒப்பந்தம் போட்டது. நமக்கு வந்தது இரண்டு ஏவுதல், 72 செயற்கைக்கோள், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. முதல் ஏவுதல் 2022 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்து 12 மணி 7 நிமிடத்துக்கு, தீபாவளிக்கு முந்தைய நாள். எல்.வி.எம்.3 வணிகத்துக்காகப் பறந்த முதல் தடவை அது. ஒப்பந்தம் போட்டு ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதை முடித்துக் கொடுத்ததை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். நாங்கள் பார்க்க வந்தது இரண்டாவதை.

காத்திருந்த நேரத்தில் அண்ணன் கேட்ட கேள்விதான் அன்றைக்கு எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது. திரையில் ராக்கெட் போகப்போகும் பாதையைக் காட்டினார்கள். "ஏனுங்க, ராக்கெட்டுன்னா கெழக்க பாத்துத்தானுங்க போகும்னு படிச்சிருக்கறோம்? இது எதுக்குங்க தெக்க போகோணும்?"

சரியான கேள்வி. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கிற எதுவும் சும்மா இருக்கும்போதே நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. கிழக்கே ஏவினால் அந்த வேகம் செலவில்லாமல் கிடைக்கும். டிவி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள்கள் எல்லாம் அப்படிப் போனவைதான். அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கதியில் சுற்றுகின்றன. அதனால் நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கின்றன. வீட்டு மொட்டைமாடியில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் போதும், பிறகு தொட வேண்டியதில்லை. படம் பார்க்க அது சரி. பேசுவதற்கும் இணையத்துக்கும் சரிவராது. சமிக்ஞை மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியாகத் திரும்புவதற்குள் அரை நொடி ஆகிவிடும். வீடியோ வகுப்பில் ஆசிரியர் கேட்டு முடித்து, மாணவன் பதில் சொல்லி, இடையில் தடுமாற்றம் வருவது அந்த அரை நொடியால்தான்.

கீழே வந்தால் தாமதம் குறையும். ஒன்வெப் தேர்ந்தெடுத்த உயரம் 1,200 கிலோமீட்டர். ஆனால் அந்த உயரத்தில் எதுவும் நிற்காது. ஏறக்குறைய 109 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நம் தலைக்கு மேல் இருப்பது சில நிமிடங்கள்தான். ஒன்று மறையும்போது அடுத்தது வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒன்றிரண்டு போதாமல் நூற்றுக்கணக்கில் தேவைப்படுகிறது. உலகம் முழுவதையும் மூட வேண்டுமென்றால் அவை வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்குமாகப் போய்வர வேண்டும்.

அண்ணனுக்கு இதை விளக்க நூற்பாலையைத்தான் துணைக்கு அழைத்தேன். கோன் வைண்டிங்கில் கோன் ஒரு பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும், நூல் மேலும் கீழுமாகப் போய்வரும், கடைசியில் கோனில் ஓர் இடம்கூட விடாமல் நூல் படிந்துவிடும். பூமிதான் கோன், செயற்கைக்கோளின் பாதைதான் நூல். "அட, அப்புடிங்களா!" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அப்பொ மேலயும் கீழயும் நூலு நெருக்கமா வுழுகும், நடுவுல எட்டி எட்டித்தானுங்க வுழுகும்?"

அதுவும் உண்மை. 12 சுற்றுப்பாதைத் தளங்கள், தளத்துக்கு 49 செயற்கைக்கோள்கள், மொத்தம் 588. இதுதான் ஒன்வெப்பின் அமைப்பு. எல்லாத் தளங்களும் துருவத்தின் பக்கம் நெருங்கி, நிலநடுக்கோட்டில் விலகுகின்றன. அலாஸ்காவுக்கும் கிரீன்லாந்துக்கும் முதலில் சேவை கிடைத்ததும், நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கடைசித் தளங்கள் நிரம்பும் வரை காத்திருந்ததும் இதனால்தான். கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. அன்றைக்குப் போகவிருந்த 36-ஐயும் சேர்த்தால் விண்ணில் 618 ஆகும். உலகம் முழுவதையும் மூடும் அளவுக்கு எண்ணிக்கை அன்றுதான் நிறைந்தது. நம் தலைக்கு மேல் இருந்த ஓட்டை அந்த ராக்கெட்டால் அடைபடப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்பது மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மாடத்தில் பேச்சு அடங்கியது. கடைசிப் பத்து எண்களைப் பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். கீழே வெளிச்சம் வெடித்தது. சத்தம் இல்லை. மரங்களுக்குப் பின்னால் வெண்புகை இரண்டு பக்கமும் பிதுங்கி எழுந்தது, அதன் நடுவிலிருந்து ராக்கெட் மேலே வந்தது. கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் நெருப்பு. வெல்டிங்கைக் கண்ணாடி போடாமல் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற அண்ணன், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் சத்தம் வந்து சேர்ந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு அதை உணர்ந்தது. உட்கார்ந்திருந்த சிமெண்ட் படி அதிர்ந்தது. சத்தம் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாகப் படபடத்து வந்தது. தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படபடப்பு தெரியாது.

முதலில் எரிவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் இருநூறு டன்னுக்கு மேல் எரிபொருள். நடுவில் இருக்கிற திரவ எரிபொருள் பகுதி தரையில் பற்றவைக்கப்படுவதில்லை. ராக்கெட் கிளம்பி இரண்டு நிமிடத்தை நெருங்கும்போதுதான் அதன் இரட்டை விகாஸ் இன்ஜின்கள் உயிர்பெறுகின்றன. சிறிது நேரத்தில் பூஸ்டர்கள் கழன்று கடலில் விழுகின்றன. அதற்குள் ராக்கெட் எங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. வானத்தில் புகைத்தடம் மட்டும் காற்றில் கோணிக்கொண்டு நின்றது.

எல்லோரும் திரைக்குத் திரும்பினோம். பாதையின் வளைவு அங்கேதான் தெரிந்தது. நேர் தெற்கே போனால் ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்க வேண்டும். கழற்றிவிட்ட பாகங்கள் குடியிருப்புகளின் மேல் விழலாம். அதனால் முதலில் தென்கிழக்காகக் கடலுக்குள் போய், இலங்கையைத் தாண்டியபின் வலப்பக்கம் திரும்பித் தெற்கே போகிறது. பறந்துகொண்டே பக்கவாட்டில் திரும்புவதற்கு எரிபொருள் செலவாகும். அந்தச் செலவு சுமையில் குறையும். கிழக்கே ஏவினால் கிடைத்திருக்கும் 450 மீட்டர் வேகமும் இங்கே இல்லை. இவ்வளவு இழப்புக்குப் பிறகும் ஆறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கிக்கொண்டு போனது எல்.வி.எம்.3.

இலங்கையைச் சுற்றும் இந்த வளைவுதான் குலசேகரப்பட்டினத்தின் கதைக்கும் காரணம். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் எதிரே நிலமே கிடையாது, அண்டார்டிகா வரை கடல்தான். அங்கே நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவும் மையத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 986 கோடி ரூபாய்த் திட்டம். சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. அங்கிருந்து நேராகத் துருவப் பாதைக்குப் போகலாம். சிறிய ராக்கெட்டுக்குத்தான் இந்த வளைவு தாங்காத சுமை. கையில் இருப்பதே ஐந்நூறு கிலோ திறன். அதில் வளைவுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது என்ன? தமிழ்நாட்டின் நில அமைப்பு கொடுத்த இந்த வாய்ப்பு அரை நூற்றாண்டு தாமதமாகவாவது கைக்கு வந்ததே என்று ஆறுதல்.

மாடத்தில் கூட்டம் கலையத் தொடங்கியது. பெரும்பாலோருக்குப் புகையோடு நிகழ்ச்சி முடிந்துவிட்டது. உண்மையில் நுட்பமான வேலை அதற்குப் பிறகுதான். மேலே கிரையோஜெனிக் பகுதி எரிந்துகொண்டிருந்தது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். அந்த வகை இன்ஜின்களைத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் 450 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. நிலநடுக்கோட்டுக்கு 87.4 டிகிரி சாய்வில், கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக ஒரு பாதை.

அங்கே 36-ஐயும் ஒரே மூச்சில் கொட்டிவிட முடியாது. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் எல்லாமே போச்சு. நான்கு நான்காக, ஒன்பது தவணையில் விடுகிறார்கள். ஒரு தவணை முடிந்ததும் ராக்கெட்டின் அந்தக் கடைசிப் பகுதி குளிர்வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது, கொஞ்சம் நகர்ந்துகொள்கிறது, பிறகு அடுத்த நான்கு. இதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. இதற்கிடையில் அது தென்துருவத்தைத் தாண்டி பூமியின் மறுபக்கம் போயிருக்கும். திரையில் "பிரிந்தது" என்று வரும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருந்த கொஞ்சம் பேர் கை தட்டினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குப் பெண்பிள்ளை நோட்டில் நான்கு நான்காகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து 1,200 கிலோமீட்டருக்கு ஏறுவது செயற்கைக்கோள்களின் சொந்தப் பொறுப்பு. செனான் வாயுவை மின்சாரத்தால் விசையூட்டி வெளியேற்றும் சிறு உந்திகள் அவற்றில் உண்டு. மெதுவாகத்தான் ஏற முடியும், வாரக்கணக்கில் ஆகும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து கிடைக்கிறது.

கோவைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் அண்ணனின் பட்டறைக்குப் போயிருந்தேன். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் சந்துகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு லேத் ஓடும் சத்தம், வாசலில் சுருள் சுருளாக இரும்புப் பிசிறு, கூலண்ட் எண்ணெயின் வாடை. அண்ணன் ஒரு அலுமினியப் பிளாக்கை வி.எம்.சி. இயந்திரத்திலிருந்து இறக்கி, துணியால் துடைத்து, துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். "இந்த எடத்துல பாருங்க. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும்." நானும் தொட்டுப் பார்த்தேன். மயிரிழையினும் மெல்லிய ஒரு விளிம்பு நகத்தில் தட்டியது. "தண்ணி மோட்டாருக்குன்னா இத யாரும் கேக்க மாட்டாங்க. ராக்கெட்டுல இந்தப் பிசிறு உதுந்து வால்வுக்குள்ள போச்சுன்னா அத்தன கோடியும் போச்சுங்க" என்றபடி அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி நகம். தட்டவில்லை.

ராக்கெட்டுக்கும் கொங்கு நாட்டுக்கும் உள்ள உறவு வெறும் ரசிகர் உறவு இல்லை. நாங்கள் ஏவுதல் பார்த்த நான்காவது மாதம் அதே எல்.வி.எம்.3 வகை ராக்கெட்டில் சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட்டுக்கும் ஏவுதளக் கோபுரத்துக்கும் இடையே எரிபொருள், வாயு, மின் இணைப்புகள் எல்லாம் ஒரு ஜோடித் தட்டுகளின் வழியாகப் போகின்றன. அம்பிலிக்கல் பிளேட் என்பார்கள். கடைசி நொடிவரை சொட்டுக் கசியாமல் பிடித்திருக்க வேண்டும். கிளம்பும் நொடியில் தயங்காமல் விலக வேண்டும். சந்திரயான்-3 ராக்கெட்டுக்கான அந்தத் தட்டுகள் எல் அண்ட் டி நிறுவனத்தின் கோவை ஆலையில் செய்யப்பட்டவை. நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன எல்.எம்.டபிள்யூ, விமான, விண்வெளி உதிரிபாகங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. கிரையோஜெனிக் இன்ஜினுக்கு வேண்டிய தனிவகைத் துருப்பிடிக்காத எஃகைச் சேலம் உருக்காலை உருட்டிக் கொடுத்திருக்கிறது. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. கல்லூரியிலும் படித்து 1982-ல் இஸ்ரோவுக்குப் போனவர். பஞ்சாலைக்கு ஸ்பேர் செய்து பழகிய ஊர் பம்புக்குப் போனது, பம்பிலிருந்து காருக்குப் போனது, காரிலிருந்து ராக்கெட்டுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் மைக்ரான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அன்றைக்கு மேலே போன 36-ம் யாருக்காகப் போயினவோ, அவர்களைப் பார்க்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகச் சத்தியமங்கலத்திலிருந்து கடம்பூர் மலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி, மலைமேல் போனால் சோளகர், ஊராளி மக்களின் குடியிருப்புகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. புலிகள் காப்பகம். மாக்கம்பாளையம் பக்கம் மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிடும். சாலையில் யானை நின்றால் யானை போகும்வரை நிற்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், பின்னால் இருந்த பாறையைக் காட்டினார். பாறையின் ஒரு முனையில் நின்றால் மட்டும் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். அந்த இடம் மட்டும் கால் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிக் கிடந்தது. "காலைல வருகைப்பதிவ கல்வித்துறையோட எமிஸ் தளத்துல ஏத்தணும் சார். பிள்ளைகள உள்ள உக்கார வச்சுட்டு நான் இங்க வந்து நிப்பேன். மழ வந்தா கல்லு வழுக்கும்" என்றார். நூறு நாள் வேலைக்கும் இதே கதை. வேலை நடக்கும் இடத்தில் காலையும் மதியமும் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை வெயிலில் நிற்கும். அரசாங்கத்தின் ஒவ்வொரு கதவுக்கும் இணையத்தைப் பூட்டாகப் போட்டுவிட்டு, சாவியைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக் கூரையில் டிடிஎச் டிஷ் இருந்தது. 36,000 கிலோமீட்டரிலிருந்து சினிமா வந்துகொண்டிருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து ஒரு போன் வர வழியில்லை.

கண்ணாடி இழைக் கேபிளை இங்கே வரை இழுக்க முடியாதா? தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் வேலை நடக்கிறது. அது அவசியமான வேலை, நடக்கட்டும். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, அங்கிருந்து காட்டுக்குள் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இருபது வீட்டுக் குடியிருப்புக்கு எப்போது வரும்? வனத்துறை அனுமதி, பாறை, யானை, மழையில் அறுபடும் கம்பம். செயற்கைக்கோளுக்கு இவை எதுவும் தடை இல்லை. மேலே திறந்த வானமும், கீழே கொஞ்சம் சூரிய மின்சாரமும் போதும். ஒரு தட்டையான ஆன்டெனா, ஓடும் செயற்கைக்கோள்களைத் தானே தேடிப் பிடித்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும்.

ஒன்வெப் வீட்டுக்கு வீடு இணைப்பு விற்கிற நிறுவனம் இல்லை. அரசுகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் மொத்தமாகக் கொடுப்பதுதான் அதன் வழி. மலைக்கு இதுவே பொருத்தமும்கூட. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆன்டெனா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று. அல்லது இழை போகாத மலையுச்சியில் ஒரு சிறு செல்போன் கோபுரம் நிறுத்தி, அதன் பின்புற இணைப்பைச் செயற்கைக்கோளுக்குக் கொடுத்துவிட்டால், மக்கள் கையில் இருக்கிற சாதாரண போனே வேலை செய்யும். புதிதாக யாரும் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தடை தொழில்நுட்பத்தில் இல்லை. ஒன்வெப்புக்கு 2021 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு உரிமம் கிடைத்தது. 2023 நவம்பரில் விண்வெளித் துறையின் இன்ஸ்பேஸ் அமைப்பு அனுமதி கொடுத்தது. தரை நிலையங்கள் குஜராத்தின் மெஹ்சானாவிலும் நம் தமிழ்நாட்டிலும் அமைக்கப்பட்டன. அலைக்கற்றையை எப்படிக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்ற விவாதத்திலேயே காலம் போனது. ஏலம்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு, நிர்வாக முறையில் ஒதுக்கலாம் என்று ஒரு தரப்பு. 2025 மே மாதம்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் பரிந்துரையைக் கொடுத்தது. வருவாயில் நான்கு சதவீதம் கட்டணம் என்பதும், சேவை எட்டாத பகுதிகளில் ஆன்டெனா வாங்க அரசு மானியம் கொடுக்கலாம் என்பதும் அதில் இருந்தன. நாங்கள் ராக்கெட் பார்த்து அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் மண்ணிலிருந்து நம் ராக்கெட்டில் 72 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் வைத்தோம். அவற்றின் கீழேயே குடியிருக்கிற கடம்பூர் ஆசிரியர் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். விண்ணில் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. 1,200 கிலோமீட்டர் உயரத்தில் செத்துப்போகிற ஒரு செயற்கைக்கோள் தானாகக் கீழே விழ நூற்றாண்டுகள் ஆகும், அங்கே இழுத்துவிடக் காற்றே இல்லை. ஆயுள் முடிந்ததும் எரிபொருள் மிச்சம் வைத்துக் கீழே இறக்கி எரித்துவிட வேண்டும் என்பதை அனுமதி கொடுக்கிற அரசுகள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். இறக்காதவர்களிடம் அபராதம் வாங்க வேண்டும்.

அண்ணனிடம் கடம்பூர் கதையைச் சொன்னேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, ஒரு ஆன்டெனா என்ன வெலைங்க வரும்? நாங்க நாலு பட்டறக்காரங்க சேந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் குடுத்தா ஆவாதுங்களா?" நல்ல மனசு. ஆனால் இது தர்மத்தில் நடக்க வேண்டிய காரியம் இல்லை. செல்போன் கட்டணத்தோடு சேர்த்து, எட்டாத இடங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுபோவதற்கென்று வசூலான பணம் மத்திய அரசின் டிஜிட்டல் பாரத் நிதியில் இருக்கிறது. கடம்பூர், பர்கூர், தாளவாடி, ஆனைமலை என்று கொங்கு நாட்டு மலைகளில் சிக்னல் இல்லாத பள்ளிகள், சுகாதார நிலையங்கள், ரேஷன் கடைகள் எவை எவை என்ற பட்டியலை ஈரோடு, கோவை மாவட்ட நிர்வாகங்கள் எடுத்து வெளியிடட்டும். சேவை விற்பனைக்கு வரும்போது நகரத்து அலுவலகங்களுக்கு முன்னால் அந்தப் பட்டியலுக்கு ஆன்டெனா போகட்டும். உங்கள் ஊர் மலையில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தால், அதன் பெயரையும் இடத்தையும் எழுதி அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.